கால் நரம்புக் கேள்விப் பட்டியலைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கரை நோயாளிகளின் கால் நரம்பு கெட்டிருக்கிறதா என்று முதல்கட்டமாகப் பார்க்க உலகின் பல நாடுகளில் பயன்படும் கருவி எம்.என்.எஸ்.ஐ (மிச்சிகன் நரம்புப் பாதிப்பு முதல்கட்டச் சோதனைக் கருவி). மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஈவா ஃபெல்ட்மனும் அவருடைய குழுவினரும் உருவாக்கி 1994-ல் வெளியிட்டார்கள். நோயாளியே ஆம், இல்லை என்று குறிக்கும் 15 கேள்விகள் ஒரு பகுதி. மருத்துவப் பணியாளர் செய்யும் பாதப் பரிசோதனை இன்னொரு பகுதி. இதன் கேள்விப் பகுதியைத் தமிழில் பெயர்த்துச் சரிபார்க்க நினைக்கும் முதுநிலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகளை விட, யாரைச் சேர்த்தோம், எதோடு ஒப்பிட்டோம் என்பதில் நேரும் பிழைகள்தான் ஆய்வை அதிகம் கெடுக்கின்றன.

முதலில் மதிப்பெண். 7-வது கேள்வி குளிக்கும்போது வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று தெரிகிறதா என்றும், 13-வது கேள்வி நடக்கும்போது பாதத்தை உணர முடிகிறதா என்றும் கேட்கின்றன. இந்த இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால்தான் மதிப்பெண். மற்றவற்றுக்கு ‘ஆம்’ என்றால். எக்செல் தாளில் எல்லா ‘ஆம்’களையும் கூட்டினால், நல்ல நரம்பு உள்ளவருக்கும் சும்மா இரண்டு மதிப்பெண் ஏறிவிடும். தசைப்பிடிப்பைக் கேட்கும் 4-வது கேள்வியும், பொதுவான உடல் பலவீனத்தைக் கேட்கும் 10-வது கேள்வியும் கணக்கிலேயே வராது. ஆக, மொத்தம் 13தான்.

அதே 7-வது கேள்வியில் இன்னொரு சிக்கல் உண்டு. மூலத்தில் தொட்டிக்குள்ளோ ஷவருக்கடியிலோ இறங்குவதைப் பற்றிக் கேட்கிறார்கள். தொட்டியில் இறங்குபவரின் கால்தான் முதலில் தண்ணீரைத் தொடும். நம் ஊரில் பக்கெட்டில் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மொண்டு ஊற்றுகிறோம். பாதம் முழுக்க மரத்துப்போனவரும் "ஓ, நல்லா தெரியுமே" என்பார். வாக்கியம் துல்லியமாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கும், கேள்வி மட்டும் கையைச் சோதித்துக்கொண்டிருக்கும். ‘காலில் ஊற்றும்போது’ என்று மாற்றுவதா என்பதை நிபுணர் குழு கூடி முடிவு செய்து, காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

மறுபெயர்ப்பு இந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்காது. தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குப் போட்டால் மூலத்தைப் போலவே அழகாக வரும். மூலக் கருவியை ஏற்கெனவே அறிந்த மருத்துவர் மறுபெயர்ப்புச் செய்தால் இன்னும் அழகாக வரும். நோயாளிகளிடம் கேட்டால்தான் பிடிபடும். கேள்விப் பட்டியல்களை வேறு மொழிக்குக் கொண்டுபோவது பற்றி பீட்டனும் மற்றவர்களும் 2000-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முன்சோதனைக்கு (மொழிபெயர்ப்பை முதலில் சிலரிடம் கேட்டுப் பார்ப்பதற்கு) 30 முதல் 40 பேரைச் சேர்க்கச் சொல்கிறது. அவர்களிடம் பதிலை மட்டும் வாங்காமல், "இந்தக் கேள்வி என்ன கேட்குதுன்னு உங்களுக்குப் பட்டுச்சு?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். மருத்துவமனை ஊழியர்களை வைத்து முன்சோதனையை முடித்துக்கொள்வது வீண் வேலை.

படிக்க முடியாதவர்களை விட்டுவிடுவதும் பெரிய தவறு. எழுத்தறிவு மட்டும் இங்கே பிரச்சினை இல்லை. சர்க்கரையால் விழித்திரை கெட்டுப் பார்வை மங்கியவர்களுக்கு நரம்பும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அவர்களை ஒதுக்கினால், யாருக்கு இந்தக் கருவி அதிகம் தேவையோ அவர்களே ஆய்வில் இருக்க மாட்டார்கள். செவிலியர் வாசித்துக் காட்டலாம். ஆனால் எல்லோருக்கும் அப்படியே செய்யுங்கள், கூட வந்த மகனோ மருமகளோ பதில் சொல்ல விடாதீர்கள்.

அடுத்து, குரோன்பேக் ஆல்பா, அதாவது கேள்விகளின் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். 0.7-க்கு மேல் வந்துவிட்டால் ஆய்வே முடிந்ததுபோல நினைப்பதை மாணவர்கள் விட வேண்டும். எல்லாக் கேள்விகளும் ஒரே விஷயத்தை அளக்கும்போதுதான் ஆல்பாவுக்கு அர்த்தம். இந்தப் பட்டியலில் எரிச்சலும் இருக்கிறது, பாத வெடிப்பும் இருக்கிறது, கால் அகற்றப்பட்டதா என்ற கேள்வியும் இருக்கிறது. இவை ஒன்றோடொன்று கூடவே வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆல்பா குறைந்ததற்காகக் கேள்விகளைத் தூக்கினால் கருவி கெடும். ஆல்பா உயர்ந்திருப்பதும், நரம்புப் பாதிப்பு உள்ளவரை அது கண்டுபிடிக்கும் என்பதற்குச் சான்றாகாது.

அதற்குச் சான்று, தனியான ஓர் அளவுகோலோடு ஒப்பிடுவதில்தான் கிடைக்கும். பெரும்பாலும் அது நரம்புக் கடத்தல் பரிசோதனை, அதாவது நரம்பில் மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று பார்ப்பது. அது நரம்பின் பெரிய இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலை உண்டாக்கும் சிறிய இழைகள் கெட்டிருந்தாலும் அறிக்கை நார்மல் என்று வரலாம். இந்த வரம்பை ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள். பாதிப்புள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. கேள்விகளில் பூஜ்யம் வாங்கியவர்களுக்கும் பரிசோதனை செய்தே தீர வேண்டும். செலவை நினைத்து, மதிப்பெண் அதிகம் வந்தவர்களை மட்டும் அனுப்பினால் தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது கடைசிவரை தெரியாது, சென்சிட்டிவிட்டி (பாதிப்புள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேரைக் கருவி பிடிக்கிறது என்பது) பொய்யாக உயரும். பரிசோதனை செய்பவருக்குக் கேள்வி மதிப்பெண் தெரியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் சேர்ப்பில் ஒரு குறுக்குவழி உண்டு: நரம்பியல் பிரிவிலிருந்து முற்றிய நோயாளிகள், வெளியிலிருந்து ஆரோக்கியமானவர்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் எந்தக் கருவியும் பிரித்துக் காட்டும். போதாததற்கு, உங்களுக்கு நரம்புப் பாதிப்பு இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா என்பதே 9-வது கேள்வி! சர்க்கரை நோய் வெளிநோயாளிப் பிரிவுக்கு வருபவர்களை வரிசையாகச் சேர்ப்பதுதான் நேர்மையான வழி.

சேர்ப்பவர்களில் எத்தனை பேருக்குப் பாதிப்பு இருக்கிறது என்ற விகிதமும் முக்கியம். சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி (பாதிப்பில்லாதவர்களில் எத்தனை சதவீதம் பேரைக் கருவி ‘இல்லை’ என்று சரியாகக் காட்டுகிறது என்பது) இரண்டும் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 பேரில் 50 பேருக்குப் பாதிப்பு இருந்தால், கருவி ‘உண்டு’ என்று காட்டும் 50 பேரில் 40 பேருக்கு உண்மையிலேயே இருக்கும். 10 பேருக்குத்தான் பாதிப்பு என்றால், காட்டப்படும் 26 பேரில் 8 பேருக்கே இருக்கும். பெரிய மருத்துவமனையில் கிடைத்த எண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது. எண்ணிக்கையிலும் கவனம் தேவை: பாதிப்புள்ள 20 பேரில் 16 பேரைப் பிடித்தால் 80 சதவீதம்தான், ஆனால் உண்மையான அளவு இருக்கக்கூடிய வரம்பு (95 சதவீத நம்பக எல்லை) சுமார் 56 முதல் 94 வரை விரியும்.

எத்தனை மதிப்பெண் வந்தால் பாதிப்பு உண்டு என்று கொள்வது என்ற வெட்டுப்புள்ளியை முன்பே எழுதி வையுங்கள். மூலத்தில் 7. வட அமெரிக்காவில் டைப் 1 நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வின் தரவை வைத்து 2012-ல் 4 போதும் என்று பரிந்துரைத்தார்கள். உங்கள் நோயாளிகள் பெரும்பாலும் டைப் 2-ஆக இருப்பார்கள், அதனால் வேறு எண் பொருந்தக்கூடும். ஆனால் ஒரே தரவில் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதே தரவில் அது நன்றாக வேலை செய்கிறது என்று காட்டக் கூடாது. புதிய நோயாளிகளிடம் பார்க்க வேண்டும்.

நரம்பு கெட்டதற்குச் சர்க்கரைதான் காரணம் என்று எந்தக் கேள்விப் பட்டியலும் சொல்லாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் நரம்பு கெடும். நரம்பைக் கெடுக்கும் மதுவும் தொழுநோயும் நம் ஊரில் உண்டு. இவற்றையும் பதிவு செய்யுங்கள். ஆய்வின்போது பாதிப்பு தெரியவந்தவர்களிடம் அதை யார் சொல்வது, பாதப் பராமரிப்புக்கு எங்கே அனுப்புவது என்பதை அறநெறிக் குழுவுக்குக் கொடுக்கும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.