"நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிடாதீர்கள்

எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பெண்கள் கல்யாணமாகி இங்கிலாந்து கிளம்புகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து போகும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போனதும் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் பதியுங்கள், வேலைக்கும் வரிக்கும் வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணைப் பாருங்கள், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். இதிலெல்லாம் பெரிய சிக்கல் வராது.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அங்கேயே முப்பது வருடமாக இருக்கும் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளாட்சியிலிருந்து, என்ன உதவி தேவை என்று பார்க்க வந்த சோஷியல் வொர்க்கர் எல்லாக் கேள்வியையும் என் கணவரிடமே கேட்டார். நான் காபி கொண்டுபோய் வைத்தபோதுதான் நிமிர்ந்து, "மருமகள் வீட்டில்தானே இருக்கிறார்?" என்றார். வீடு தேடி வந்தவரிடம் கஷ்டத்தைச் சொல்வோமா? "நாங்க பாத்துக்கிறோம்" என்றேன். "இந்தியக் கூட்டுக் குடும்பம், பெண்கள் கவனித்துக்கொள்வார்கள்" என்று தாளில் ஏறிவிட்டது. பதினொரு மாதம், இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தது நான்தான். கிடைத்திருந்த வேலையும் போனது.

கூட்டுக் குடும்பமாம்! எங்கள் பக்கம் எத்தனை கட்டு வீடாக இருந்தாலும் கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவார்கள். தனி அடுப்பு, தனிக் கணக்கு, கோயில் கணக்கிலும் தனிக் குடும்பமாகத் தனிப் புள்ளி. என் அப்பத்தா எண்பது வயதிலும் தன் உலையைத் தானே வைத்தவர். நிறத்தையும் புடவையையும் பார்த்தே என்னைக் கணக்குப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

2014 கேர் சட்டப்படி, பார்த்துக்கொள்கிறவருக்கும் என்ன உதவி தேவை என்று தனி மதிப்பீடு உண்டு. முடியுமா என்பதோடு, விருப்பமா என்றும் அவர்கள் பார்த்தாக வேண்டும். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் கணவர் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எழுதிய மதிப்பீட்டை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். தப்பிருந்தால் முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார், அப்புறம் ஆம்புட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பாளர். இனமோ பாலோ பார்த்துச் சேவையைக் குறைப்பது 2010 சமத்துவச் சட்டத்துக்கு விரோதம். விசாவில் பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசு உதவித்தொகைகள், கிடையாது என்றிருந்தால் பார்த்துக்கொள்கிறவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் பணத்தைக் கேட்காதீர்கள்; ஆனால் இந்த மதிப்பீடு அந்தப் பட்டியலில் வராது, அதைக் கேட்கலாம்.

இரவில் எத்தனை முறை எழுந்தேன் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து, இரண்டாவது தடவை வந்தவரிடம் கொடுத்தேன். இப்போது காலையில் ஒருவர், இரவில் ஒருவர் வருகிறார்கள். நான்கு வருடத்துக்குப் பிறகு இந்த மாசியில்தான் ஊருக்கு வர முடிந்தது.