பிரிட்டனில் மேனுவல் கார்: கியர் இறக்கும் பக்குவம்

ஊரில் கார் ஓட்டியவர்களுக்கு இங்கே ஒரு வசதி: ஓட்டம் இடப்பக்கம், கியர் இடது கை. இந்திய, இலங்கை உரிமம் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும். அதன்பின் இங்கத்திய தேர்வில் தேற வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் தேறினால் மேனுவல் ஓட்ட முடியாது.

தேர்வில் காலை வாருவது பழைய பழக்கம். சிக்னல் தெரிந்ததுமே கிளட்ச்சை மிதித்து உருட்டிக்கொண்டு போவது இங்கே பிழை. நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பதும் இன்றைய இன்ஜின்களுக்குப் பொருந்தாது: கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலே எரிபொருள் நின்றுவிடும், நியூட்ரலில்தான் இன்ஜின் சும்மா ஓடுவதற்கு (ஐடிலிங்) எரிபொருள் செலவாகும்.

30 மைல் வேகத்தில் மூன்றாம் கியரில் வந்து இடப்புறம் திரும்ப வேண்டுமா? முதலில் பிரேக். வேகம் 12 மைல் அளவுக்கு வந்ததும் கிளட்ச்சை அடிவரை மிதித்து இரண்டுக்கு இறக்குங்கள். கிளட்ச் பிடிக்கும் இடத்தில் ஒரு கணம் காலை நிறுத்தி, பிறகு முழுதாக விடுங்கள். திருப்பத்துக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

வண்டி வெடுக்கென்று குலுங்கினால் வேகம் குறையுமுன் இறக்கிவிட்டீர்கள் என்று பொருள். அதே வேகத்துக்கு மூன்றில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் இரண்டில் சுமார் 3,000. கிளட்ச் மிதித்திருக்கும்போதே ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் அந்த இடைவெளி நிரம்பும். மழைச் சாலையில் கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் சக்கரம் வழுக்கும். கியரை மட்டுமே நம்பி வேகம் குறைத்தால் பிரேக் விளக்கும் எரியாது; பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

4, 3, 2 என்று படிப்படியாக இறங்கத் தேவையில்லை. நான்கிலிருந்து நேரே இரண்டுக்கு வரலாம், தேர்விலும் குற்றமில்லை.

ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போதுதான் கவனம். கியர் குமிழை இடப்புறம் அழுத்தாதீர்கள். நியூட்ரலில் ஸ்பிரிங்கே நடுவுக்குக் கொண்டுவரும், அங்கிருந்து நேராகப் பின்னால் இழுங்கள். அழுத்தினால் இரண்டில் விழும். மோட்டார்வேயில் 70 மைலில் அப்படி விழுந்தால் இன்ஜினே போகலாம். இன்ஜின் சுற்று எல்லை மீறாமல் காக்கும் ரெவ் லிமிட்டர் எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதை அல்ல.

வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் போகிறவர்கள் ஹார்ட்நாட் கணவாயில் 33 சதவீதச் சரிவைச் சந்திப்பார்கள். பிரேக் சூடேறாமலிருக்க, இறக்கம் தொடங்குமுன்பே ஒன்றிலோ இரண்டிலோ போட்டுவிடுங்கள். கருகல் வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ பிரேக் சூடேறிவிட்டது, ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.