கைகலப்பில் ஓர் உயிர் போனால்: தற்பாதுகாப்பு பற்றி நாம் செய்யும் தவறுகள்

வாய்த்தர்க்கம் கைகலப்பாகி, கைகலப்பில் ஒருவர் செத்துப்போனால் எங்கள் ஊர்களில் முதலில் காதில் விழுவது "அவன்தானே முதல் கை வைத்தவன்" என்பதுதான். அடித்தவரின் தாய் சொல்லுவார், தம்பி சொல்லுவார், பொலிஸ் நிலைய வாங்கில் இருந்துகொண்டு அவரே சொல்லுவார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வசனத்தை மட்டும் நம்பி வழக்குக்குப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நீதிமன்றம் கேட்பது வேறு. அவர் அடித்ததற்கும் நீங்கள் வெட்டியதற்கும் இடையில் என்ன நடந்தது? அந்த நேரத்தில் உங்களுக்கு வேறு வழி இருந்ததா?

வன்னியில் சண்டை வருவதற்குக் காரணம் தேடத் தேவையில்லை. சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் முறை, பயிருக்குள் இறங்கும் கட்டாக்காலி மாடு, வேலி, வரம்பு, கசிப்பு. போதாக்குறைக்குக் காணி எல்லை. 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய சனம், மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எல்லைக்கல்லும் இல்லை, பலரிடம் காணி உறுதியும் இல்லை, அரச காணிக்கான போமிட்டும் (அனுமதிப்பத்திரமும்) இல்லை. பக்கத்துக் காணிக்காரரோடு அன்று முடியாமல் விட்ட பேச்சு இன்றைக்கும் பல இடங்களில் புகைந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு இழப்புக்குப் பிறகு மிஞ்சி வந்த மனிதர்கள் ஒரு வரம்புக்காக ஒருவரை ஒருவர் வெட்டிச் சாவதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்க முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்பாதுகாப்பு உரிமையைப் பற்றியவை. உங்கள் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம், சொத்தையும் காக்கலாம். எதிராளி சாகும் அளவுக்குக்கூட அந்த உரிமை போகும். ஆனால் அதற்கான சந்தர்ப்பங்களை 93 ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. உயிர் போய்விடும் அல்லது படுகாயம் வந்துவிடும் என்று நியாயமாகவே பயப்பட வைக்கும் தாக்குதல், பாலியல் வல்லுறவு, ஆட்கடத்தல் போன்றவை அவற்றில் அடங்கும். இவற்றுக்கும் மேலாக 92 ஆம் பிரிவு இரண்டு கட்டுப்பாடுகளைப் போடுகிறது. பொலிஸ் போன்ற அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் ஊறு செய்யவும் உரிமை இல்லை.

இதை வைத்து "அப்போ அடித்தால் அடி வாங்கிக்கொண்டு நிற்கவேண்டியதுதானா" என்று சிலர் கேட்பார்கள். இல்லை, அதுவும் தவறான விளக்கம்தான். கத்தியோடு பாய்கிறவன் முன்னால் நிற்பவர் தன் அடியைத் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்பது நீதிமன்றங்களுக்கும் தெரியும். குறிப்பாகப் பெண்களுக்கு இதைச் சொல்லவேண்டும். வல்லுறவுக்கு வருகிறவனைக் கையில் கிடைத்ததைக் கொண்டு தாக்கி அவன் செத்தாலும், சட்டம் உங்கள் பக்கம் நிற்பதற்கு இடம் இருக்கிறது. பயத்தில் அதை மறைத்து, "அவன் தானாக விழுந்தான்" என்று கதை கட்டி, இருக்கிற நல்ல பாதுகாப்பையும் இழந்துவிடாதீர்கள்.

போய்த் திரும்பி வந்த நேரம்

பலருடைய வாழ்க்கை முடிந்துபோவது இந்த இடத்தில்தான். ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். முத்தையன்கட்டுப் பக்கம், சிறுபோகம், இரவு. கீழ்வயல்காரருக்கு அன்று தண்ணீர் முறை. வந்து பார்த்தால் மேலே மடையை மண்மூட்டை போட்டு அடைத்திருக்கிறார்கள். மேல்வயல்காரர் அங்கேயே நிற்கிறார். வார்த்தை முற்றுகிறது. மேல்வயல்காரர் மண்வெட்டிப் பிடியால் கீழ்வயல்காரரின் தோளில் ஒன்று போடுகிறார்.

இனி மூன்று விதமாக நடக்கலாம்.

மேல்வயல்காரர் இரண்டாவது தரம் தலைக்கு மண்வெட்டியை ஓங்குகிறார். கீழ்வயல்காரர் தன் கையில் இருந்த மண்வெட்டியால் அதே கணத்தில் அடிக்கிறார், ஓங்கியவர் விழுந்து சாகிறார். இது தற்பாதுகாப்பு என்று வாதிடத் தகுந்த நிலைமை.

அல்லது கீழ்வயல்காரர் திருப்பி அடித்த முதல் அடியிலேயே மேல்வயல்காரர் விழுந்துவிடுகிறார், மண்வெட்டி தூரப் போய்விட்டது. கீழ்வயல்காரர் ஆத்திரம் அடங்காமல் விழுந்து கிடப்பவரின் தலையில் இன்னும் இரண்டு போடுகிறார். அந்த இரண்டு அடிக்கும் தற்பாதுகாப்பு இல்லை. ஆபத்து முடிந்தவுடன் உரிமையும் முடிந்துவிட்டது. சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை அறிக்கையில் எத்தனை காயம், எந்தப் பக்கம், நின்றபோது பட்டதா கிடந்தபோது பட்டதா என்பதெல்லாம் வரும். "ஒரே அடிதான்" என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

மூன்றாவதுதான் மிக மோசமானது. தோளில் அடி வாங்கிய கீழ்வயல்காரர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கோடிப்புறத்தில் செருகியிருந்த கத்தியை எடுக்கிறார். மனைவி படலையில் மறித்து, "இந்த நேரத்தில போகாதேங்கோ, விடிய விதானையாரிட்டச் சொல்லுவம்" என்று கையைப் பிடிக்கிறார். அவர் கையை உதறிவிட்டுப் போகிறார். வாய்க்காலில் இன்னும் நிற்கும் மனிதரை வெட்டுகிறார்.

அடிபட்டவர் அவர்தான். தண்ணீர் முறையும் அவருடையதுதான். ஆனால் படலையைத் தாண்டிய பிறகு அந்த நியாயங்கள் அவரைக் காப்பாற்றாது. பொலிசுக்கு அழைக்க நேரம் இருந்தது. வீட்டுக்குள் இருக்க நேரம் இருந்தது. மறித்த ஆள் ஒருவர் இருந்தார். "அவர் மறுபடி மண்வெட்டியை ஓங்கினார்" என்று சொன்னாலும், "அதைத் தேடிப் போனது நீங்கள்தானே" என்று அரச சட்டவாதி கேட்பார். கொலைக்குத் தண்டனை மரணம். இலங்கையில் 1976 க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்பது உண்மைதான். அதற்காக ஆள் வெளியே வந்துவிடுவார் என்று அர்த்தமில்லை, ஆயுள் சிறையிலேயே கழியும். கொலைச் சந்தேக நபருக்கு நீதவான் பிணை கொடுக்கவும் முடியாது. 1997 ஆம் ஆண்டுப் பிணைச் சட்டப்படி மேல் நீதிமன்ற நீதிபதிதான் கொடுக்கலாம். அந்தப் போகம் மட்டுமல்ல, அடுத்தடுத்த போகங்களும் மனைவி தலையில்தான்.

சண்டை நடந்த இடத்தை விட்டு விலகிவிட்டால் திரும்பிப் போகவே கூடாது. தண்ணீர் போனால் போகட்டும். கமக்காரர் அமைப்பு இருக்கிறது, கமநல சேவை நிலையம் இருக்கிறது. காணி, கடன், சிறு அடிபிடிகளுக்கு மத்தியஸ்த சபை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்துக் கட்டி, கிராம சேவகருக்கு அறிவித்து நட்டம் கேட்கலாம். இதெல்லாம் இழுபடும் வேலைதான், எனக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு இழுபட்டாலும் கொலை வழக்கு அளவுக்கு இழுபடாது.

"அவன் பேசின பேச்சுக்கு யாருக்குத்தான் கோபம் வராது?"

தூஷணம் பேசினான், தாயை இழுத்தான், சாதியைச் சொன்னான். இப்படியான பேச்சு எவ்வளவு காயப்படுத்தும் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆத்திரமூட்டல் ஒருவரை விடுதலை செய்யும் என்று நினைப்பது பெரிய தவறு. 294 ஆம் பிரிவின் விதிவிலக்கின்படி, பாரதூரமான, திடீரென்ற ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்து கொன்றிருந்தால் குற்றம் கொலையிலிருந்து கைமோசக் கொலையாக, அதாவது கொலைக் குற்றம் என்ற அளவுக்கு வராத ஆள்கொலையாக, குறையும். அவ்வளவுதான். அதற்கும் 297 ஆம் பிரிவின் கீழ் 20 வருடம் வரை சிறை உண்டு.

அந்தச் சலுகைக்கும் நிபந்தனை இருக்கிறது. ஆத்திரமூட்டலைச் சாட்டாக வைத்துக்கொள்ள நீங்களே தேடிப் போயிருக்கக் கூடாது. "ஆம்பிளை எண்டால் சந்திக்கு வாடா" என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பிவிட்டு, வந்தவன் ஏசியதால் வெட்டினேன் என்றால் யார் நம்புவார்கள்? அந்தக் குரல்பதிவு இரண்டு போனிலும் இருக்கும். அதேபோல, நீங்கள் முதலில் தாக்க, அவர் தன்னைக் காக்கத் திருப்பி அடித்தால், அந்த அடியை ஆத்திரமூட்டலாகக் காட்ட முடியாது.

திடீர்ச் சண்டைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. முன்யோசனை இல்லாமல், திடீரென்று மூண்ட வாய்ச்சண்டையில், கோப வேகத்தில், அநியாயமான அனுகூலம் எடுக்காமல், குரூரமாக நடந்துகொள்ளாமல் நடந்திருக்கவேண்டும். முதலில் தொடங்கியது யார் என்பது இதில் கணக்கில்லை என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. ஊர் முழுக்க அதைத்தான் பெரிதாகப் பேசிக்கொண்டிருப்போம். வெறுங்கையோடு நிற்பவரை அலவாங்கால் அடிப்பது, ஒருவரை மூன்று பேர் பிடித்துக்கொள்ள நாலாவது ஆள் அடிப்பது போன்றவை இந்த விதிவிலக்கைக் கெடுத்துவிடும்.

வெறியில் செய்தேன் என்பதும் அப்படித்தான். தானாக விரும்பிக் குடித்தவருக்கு வெறி மன்னிப்புத் தராது. கசிப்பு விற்கும் இடத்தில் பழைய பகை பேசத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுங்கள்.

தினம் அடி வாங்கும் மனைவியின் நிலைமை இவற்றிலிருந்து வேறு. பல வருடக் கொடுமை ஒருநாள் வெடிப்பதை நீதிமன்றங்கள் சில வழக்குகளில் அனுதாபத்தோடு பார்த்திருக்கின்றன. ஆனால் அந்த நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2005 ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். "குடும்ப விஷயம், வெளியில சொல்லாதை" என்று தடுக்கும் பெரியவர்களே, பின்னால் நடக்கப்போவதில் உங்களுக்கும் பங்கிருக்கிறது.

கட்டுத்துவக்கும் கரண்டுக் கம்பியும்

பன்றிக்கு வைத்தேன், மனிதன் பட்டுவிட்டான் என்பதும் எங்கள் பக்கத்துக் கதைதான். கட்டுத்துவக்கு, அதாவது தடக்கியவுடன் தானாக வெடிக்கும்படி கட்டிவைக்கும் துவக்கு, சட்டவிரோதம். வேலிக் கம்பிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பதும் சட்டவிரோதம். தற்பாதுகாப்பு உரிமை, ஆபத்து உங்கள் எதிரில் நிற்கும்போது வருவது. யார் வருகிறார் என்று பார்க்காத கம்பிக்கு அந்த உரிமையைக் கொடுக்க முடியாது. தேன் எடுக்கப் போனவரும், விறகுக்குப் போன பிள்ளையும் உங்களைத் தாக்க வந்தவர்கள் அல்ல. "எனக்குத் தெரியாது" என்றாலும், அதை அங்கே கட்டியவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

ஆட்களைக் கூப்பிடுவது

ஒரு போன் அடித்தால் மச்சான், சித்தப்பா மகன், கூட விளையாடும் பொடியன்கள் என்று ஐந்தாறு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். பாதிப் பேருக்கு என்ன பிரச்சினை என்றே தெரியாது. 32 ஆம் பிரிவு பொது எண்ணத்தைப் பற்றியது. ஒரே எண்ணத்தோடு பலர் சேர்ந்து ஒன்றைச் செய்தால், ஒவ்வொருவரும் தனியாகச் செய்தது போலவே பொறுப்பு. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்டால் சட்டவிரோதக் கூட்டம் என்ற குற்றமும் கூடவே வரும். கையைப் பிடித்துக்கொண்ட பத்தொன்பது வயதுப் பொடியனும் கொலைக் குற்றச்சாட்டோடு கூண்டில் நிற்கவேண்டி வரலாம். அவனைக் கூப்பிட்டது நீங்கள்.

நடந்த பிறகு

விழுந்தவர் உயிரோடு இருந்தால் அவரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கத்தி குத்தி நின்றால் இழுக்காதீர்கள். துணியை வைத்து இரத்தத்தை அழுத்திப் பிடியுங்கள். பிறகு 119. அடித்தவரே ஆளைக் காப்பாற்ற முயன்றிருந்தால் நீதிமன்றம் அதையும் கவனிக்கும். ஆனால் அதற்காகச் செய்யச் சொல்லவில்லை, அவர் உங்கள் ஊர் மனிதர்.

கத்தியைக் கழுவுவது, கிணற்றில் எறிவது, உடுப்பை எரிப்பது, காட்டுக்குள் ஒளிவது எல்லாம் உங்களுக்கே எதிரான சாட்சியாக மாறும். உண்மையாகவே தற்பாதுகாப்பு என்றால் அந்த மண்வெட்டி, கிழிந்த சட்டை, உங்கள் தோளில் உள்ள கன்றல் எல்லாம் உங்களுக்குத் தேவை. குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது அரச தரப்பின் வேலை. ஆனால் தற்பாதுகாப்பு, ஆத்திரமூட்டல் என்ற விதிவிலக்குகளைக் காட்டவேண்டிய பொறுப்பு, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டு நிற்பவருடையது. கன்றல் மறைவதற்கு முன் வைத்தியரிடம் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பொலிசுக்குக் கொடுக்கும் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டக் கேளுங்கள், விளங்காததில் கையொப்பம் வைக்காதீர்கள். பொலிசிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. ஆனால் அங்கே சொல்லாத தற்பாதுகாப்பை வழக்கு விளக்கத்தில் புதிதாகச் சொன்னால், "இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை" என்ற கேள்வி வரும். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் கேளுங்கள்.

தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அண்ணனுக்குப் பிள்ளைகள் இருக்கு என்று ஒருவருடைய குற்றத்தை இன்னொருவர் தலையில் ஏற்றி ஆள் மாற்றிச் சரணடைய வைக்காதீர்கள். செத்த வீட்டுக்குப் பெரியவர்களை அனுப்பிக் காசு பேசாதீர்கள். கொலையை மத்தியஸ்த சபைகூடத் தீர்க்க முடியாது. சாட்சிகளை மிரட்டுவதும் மனம் மாற்றப் பார்ப்பதும் 2015 இல் வந்து 2023 இல் புதிதாக்கப்பட்ட சாட்சிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். அந்த வீட்டுக்காரர் வழக்கில் சாட்சி சொல்லட்டும். கோவிலிலும் சங்கக்கடையிலும் உங்கள் பிள்ளைகள் அவர்களுடைய பிள்ளைகளை நேருக்கு நேர் சந்திப்பார்கள். அன்றைக்கு யாரும் யாரையும் வம்புக்கு இழுக்காமல் இருக்க, இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஒருவரை இப்போதே பேசிவையுங்கள்.