ஏழே ஆண்டில் ஆப்டோமெட்ரிஸ்ட்: அமெரிக்காவின் 3+4 வழியில் போவது எப்படி?

"அம்மா, நான் கண் டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்று என் மகள் சொன்னபோது அவள் ஹைஸ்கூல் கடைசி வருடத்தில் இருந்தாள். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் அம்மா உடனே கேட்டார்: "ஆபரேஷன் பண்றதா, கண்ணாடிக் கடையில பவர் பாக்குறதா?" இரண்டும் இல்லை, நடுவில் ஒன்று என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அதற்கு முன் எனக்கே அது புரிய ஒரு வாரம் ஆகியிருந்தது.

அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்ட் ஆக ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) என்ற நான்காண்டு தொழிற்பட்டம் வேண்டும். கண்ணாடிக்கும் கான்டாக்ட் லென்ஸுக்கும் பவர் எழுதுவதோடு வேலை முடிவதில்லை. கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து எழுதுவார்கள், சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதை முதலில் கண்டுபிடித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். ஒக்லஹோமா மாநிலத்தில் 1998 முதல் சில லேசர் சிகிச்சைகளைச் செய்யவும் அனுமதி உண்டு. கண்புரை போன்ற பெரிய அறுவை சிகிச்சைகள் எம்.டி. படித்த கண் மருத்துவருடையவை. அந்தப் பாதை இன்னும் நீளம்.

வழக்கமான கணக்கு: இளங்கலை 4 ஆண்டு, ஓ.டி. 4 ஆண்டு, ஆக 8. இதில் ஓர் ஆண்டைக் குறைப்பதுதான் 3+4. இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) தேவை. மூன்று ஆண்டில் 90 கிரெடிட் முடித்துவிட்டு ஆப்டோமெட்ரி கல்லூரிக்குப் போய்விடுவீர்கள். அங்கே முதலாண்டில் படிக்கும் பாடங்களைப் பழைய கல்லூரி மீதி 30 கிரெடிட்டாக ஏற்றுக்கொண்டு பி.எஸ். பட்டம் தரும். கேட்க எளிது. ஆனால் இது முழுக்க முழுக்கக் கணக்குப்பிள்ளை வேலை. மதிப்பெண் குறைந்து தவறவிட்டவர்களும் இருப்பார்கள்தான். நாங்கள் தவறவிடப் பார்த்தது கால அட்டவணையால்.

படி 1: முதலில் போய்ப் பாருங்கள்

விண்ணப்பம், தேர்வு எல்லாம் அப்புறம். பக்கத்தில் இருக்கிற ஓர் ஆப்டோமெட்ரிஸ்டிடம் நான்கைந்து நாள் கூட நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். சேர்க்கைக்கு இந்த அனுபவத்தை எப்படியும் கேட்பார்கள். அதைவிட முக்கியம், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

என் மகள் முதல் நாள் பார்த்துவிட்டு வந்து சொன்னது இது. நோயாளியின் முகத்துக்கு முன்னால் வண்ணத்துப்பூச்சி போல ஒரு கருவி தொங்குகிறது, பெயர் ஃபோராப்டர். டாக்டர் 'டக்' என்று ஒரு வில்லையை மாற்றி "இது தெளிவா, இதுவா?" என்கிறார். மறுபடி 'டக்'. "இது ஒண்ணா, ரெண்டா?" காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை இதே கேள்வி. ஏழாவது நோயாளி ஒரு தாத்தா, எதைக் காட்டினாலும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாராம். டாக்டர் சலிக்கவில்லை. பிறகு ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கியில் தாத்தாவின் கண்ணைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. லென்ஸ் மஞ்சளாகிப் போய்க் கண்புரை முற்றியிருந்தது. எந்த வில்லையைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

அந்த "ஒண்ணா, ரெண்டா"வை முப்பது வருடம் கேட்க முடியும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

படி 2: ஒப்பந்தம் இருக்கிற கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்

3+4 எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. இளங்கலைக் கல்லூரியும் ஆப்டோமெட்ரி கல்லூரியும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். நியூயார்க்கில் மேற்கு 42ஆவது தெருவில் இருக்கும் சுனி (நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக) ஆப்டோமெட்ரி கல்லூரி பிங்ஹாம்டன், ஜெனசியோ உள்பட பல கல்லூரிகளோடு இப்படிச் சேர்ந்து நடத்துகிறது. பாஸ்டனில் நியூ இங்கிலாந்து காலேஜ் ஆஃப் ஆப்டோமெட்ரி, ஃபிலடெல்ஃபியா பக்கம் பென்சில்வேனியா காலேஜ் ஆஃப் ஆப்டோமெட்ரி ஆகியவற்றுக்கும் கூட்டாளிக் கல்லூரிகள் உண்டு. ஃபுளோரிடாவின் நோவா சவுத்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஹைஸ்கூல் மாணவர்களுக்கே இரட்டைச் சேர்க்கை தருகிறது.

இவற்றில் இரண்டு வகை. ஹைஸ்கூலிலிருந்தே இரண்டு கல்லூரிக்கும் சேர்த்து இடம் கிடைப்பது ஒன்று. கல்லூரியில் சேர்ந்து ஓரிரு வருடம் படித்த பிறகு உள்ளே நுழைவது இன்னொன்று. முதல் வகை நிம்மதி என்று பெற்றோர் நினைக்கிறோம். ஆனால் அந்த 'இடம்' பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும். ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) இத்தனைக்குக் கீழே போகக் கூடாது, நுழைவுத் தேர்வில் இத்தனை எடுக்க வேண்டும் என்று இருக்கும். 17 வயதில் மனம் உறுதியாக இல்லாத பிள்ளைக்கு இரண்டாம் வகை போதும் என்பது என் கருத்து.

கல்லூரியின் விளம்பரப் பக்கத்தை நம்பி நிற்காமல் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்கள். எந்த மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) ஒப்பந்தம், எந்தப் பாடத்துக்கு எந்த கிரேடு, ஹைஸ்கூலிலேயே எடுத்த ஏ.பி. என்ற கல்லூரித் தரப் பாடங்களின் கிரெடிட் செல்லுமா என்று பார்க்க வேண்டும். ஏ.பி. உயிரியலில் முழு மதிப்பெண்ணான 5 வாங்கியிருந்தாலும், லேபோடு சேர்த்துக் கல்லூரியில் மறுபடி படி என்று சொல்கிற இடங்கள் உண்டு.

படி 3: அட்டவணையைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு பெரிய தாளை எடுத்து, கடைசி வரியில் "மூன்றாம் ஆண்டு முடிந்து ஆகஸ்ட்: ஆப்டோமெட்ரி வகுப்பு ஆரம்பம்" என்று எழுதுங்கள். அதற்கு மேலே ஒவ்வொன்றாக ஏறுங்கள்.

ஆகஸ்டில் சேர வேண்டுமானால் நேர்காணல் மூன்றாம் ஆண்டின் ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டர் வாக்கில் நடக்கும். அதற்கு முன் நுழைவுத் தேர்வு மதிப்பெண் கையில் இருக்க வேண்டும். அதாவது இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் தேர்வு. தேர்வில் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் நான்கும் வரும். ஆக, இந்த நான்கும் இரண்டாம் ஆண்டு மே மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

இன்னும் மேலே ஏறுங்கள். பொது வேதியியல் முடித்தால்தான் கரிம வேதியியல், அது முடிந்தால்தான் உயிர்வேதியியல். இந்தச் சங்கிலியைக் குறுக்கே தாண்ட முடியாது. அதனால் முதலாண்டில் உயிரியலும் பொது வேதியியலும் லேபோடு ஒன்றாக ஓடும், கூடவே கால்குலஸ். இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியலும் இயற்பியலும். மூன்றாம் ஆண்டில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல். புள்ளியியல், உளவியல், ஆங்கிலம் மூன்றையும் எந்த செமஸ்டரில் சந்து கிடைக்கிறதோ அங்கே செருகிக்கொள்ளலாம். செமஸ்டருக்கு 15 கிரெடிட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்த கூத்து இங்கேதான். உயிரியல் மாணவர்கள் வழக்கமாக மூன்றாம் ஆண்டில்தான் இயற்பியல் எடுப்பார்கள் என்று ஆலோசகர் அதை அங்கே போட்டுக் கொடுத்துவிட்டார். நான்காண்டு படிக்கிறவர்களுக்கு அது சரிதான். இவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் எக்செல் ஷீட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இயற்பியல் படிக்காமலே இயற்பியல் பரீட்சை எழுதணும்போல இருக்கு" என்றாள். முதலாண்டிலேயே கண்ணில் பட்டதால் மாற்ற முடிந்தது. அடுத்த வருடம் பட்டிருந்தால் 3+4 அன்றைக்கே 4+4 ஆகியிருக்கும்.

இன்னொரு பொறி, பலருக்குக் கடைசி வரை தெரியாது. ஆப்டோமெட்ரி முதலாண்டிலிருந்து திரும்பி வரும் கிரெடிட்டெல்லாம் அறிவியல் பாடங்கள். அவை மேஜரை நிரப்பும். பட்டத்துக்குக் கட்டாயமான வரலாறு, வெளிநாட்டு மொழி, கலைப் பாடங்களை அவை நிரப்பாது. அவற்றையெல்லாம் அந்த 90 கிரெடிட்டுக்குள்ளேயே முடித்தாக வேண்டும். "நாலாம் வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட நாலாம் வருஷமே கிடையாது.

படி 4: ஓஏடி

நுழைவுத் தேர்வின் பெயர் ஓஏடி (ஆப்டோமெட்ரி அட்மிஷன் டெஸ்ட்). கணினியில் எழுதுவது. இயற்கை அறிவியல் பகுதியில் 90 நிமிடத்துக்கு 100 கேள்வி: உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30. இயற்பியலுக்கு 50 நிமிடத்தில் 40 கேள்வி, கணிதத்துக்கு 45 நிமிடத்தில் 40. இவற்றோடு ஒரு வாசிப்புப் பகுதியும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், இயற்கை அறிவியல் பகுதியில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அதனால் தெரியாத கேள்வியில் முட்டி மோதாமல் நகர்ந்து போகப் பழக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு, அதுவும் முதல் மார்க் பிள்ளைகளுக்கு, இது லேசில் வராது.

கோடையின் தொடக்கத்திலேயே தேதி வாங்கிவிடுங்கள். சரியாகப் போகவில்லை என்றால் கட்டாய இடைவெளி விட்டுத்தான் மறுபடி எழுத முடியும். ஆகஸ்ட் கடைசியில் முதல் முயற்சி என்று வைத்தால் இரண்டாம் முயற்சிக்கு நேரம் இருக்காது.

படி 5: விண்ணப்பம்

ஆப்டோமெட்ரி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளம் ஆப்டம்காஸ். கூட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்குத் தனி விண்ணப்பம் இருக்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். பரிந்துரைக் கடிதம் ஒன்று நீங்கள் கூட நின்று பார்த்த ஆப்டோமெட்ரிஸ்டிடமிருந்து வந்தால் நல்லது. இடம் கிடைக்கவில்லை என்றால்? நான்காம் ஆண்டைப் பழைய கல்லூரியிலேயே முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது.

படி 6: பணமும் விசாவும்

ஓர் ஆண்டுக் கட்டணம் மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு மிச்சமாயிற்று. ஆனால் இளங்கலைக் கல்லூரி நான்கு ஆண்டுக்கு முழு உதவித்தொகை கொடுத்திருந்தால் நீங்கள் விட்டுவிட்டுப் போவது இலவச ஆண்டு. அந்த உதவித்தொகை உங்களோடு ஆப்டோமெட்ரி கல்லூரிக்கு வராது. அப்போது லாபம் ஒன்றுதான், ஓர் ஆண்டு முன்னதாகச் சம்பாதிக்கத் தொடங்குவது. ஆப்டோமெட்ரிஸ்ட்டின் இடைநிலை ஆண்டு வருமானம் சுமார் 1,30,000 டாலர் என்பதால் அதுவும் சின்ன லாபமில்லை.

கடன் விதிகள் மாறிவிட்டன. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மேற்படிப்புக்கான அரசுக் கடன் இல்லை. தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்பு வந்திருக்கிறது. கட்டணம், வாடகை, சாப்பாடு மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 21 வயதானால் அந்த விசா போய்விடும். 3+4இல் பிள்ளை கல்லூரி மாறுகிற நேரமும் ஏறத்தாழ அதே வயதுதான். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதை ஒரு வருடம் முன்னாலேயே தொடங்குங்கள். கிரீன் கார்டு இல்லாதவர்களுக்கு அரசுக் கல்விக் கடன் பொதுவாகக் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சென்னையில் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி போன்ற இடங்களில் ஏற்கெனவே ஆப்டோமெட்ரி படித்தவர்களுக்கு இந்த 3+4 பொருந்தாது. வெளிநாட்டில் படித்தவர்களை இடையில் சேர்த்துக்கொள்ளும் தனித் திட்டம் பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து காலேஜ் ஆஃப் ஆப்டோமெட்ரியில் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

படி 7: பட்டத்தை மறக்காதீர்கள்

மூன்றாம் ஆண்டு முடிந்து பெட்டி கட்டிப் போனதும் பழைய கல்லூரி மறந்துபோகும். ஆனால் பி.எஸ். பட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது. ஆப்டோமெட்ரி முதலாண்டு முடிந்த கையோடு மதிப்பெண் பட்டியலைப் பழைய கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். பட்டத்துக்கான விண்ணப்பத்தையும் அதன் கெடுவுக்குள் போட வேண்டும். என் மகள் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது போட்டாள். அதுவும் நான் போன் பண்ணி மூன்றாவது தடவை கேட்ட பிறகு.