பக்கவாதம் வந்த அப்பாவை வீட்டில் பார்த்துக்கொள்வது: முதல் மாதத்துக்கான செய்முறை

வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தார். எங்கள் கையில் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு பை நிறைய மாத்திரையும்தான். அவரை எப்படிப் பிடித்து உட்கார வைப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான், முதல் வாரம் நாங்கள் செய்ததில் பாதி தப்பு என்று புரிந்தது. அந்தப் பாதியை நீங்கள் தவிர்க்கலாமே என்று எழுதுகிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

படி 1: வீட்டைத் தயார் செய்யுங்கள்

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். கட்டில் ரொம்பத் தாழ்வாக இருந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. கட்டில் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டை வையுங்கள். மிதியடி, பாய், தரையில் ஓடும் ஒயர் எதுவும் நடக்கிற வழியில் வேண்டாம். இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்கிற வீடு என்றால் கமோடு நாற்காலி வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கும்.

படி 2: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள்

தானாகப் புரள முடியாதவரை ஒரே பக்கமாகப் படுக்க விட்டால் படுக்கைப்புண் வரும். குதிகால், இடுப்பு எலும்பு, முதுகுத்தண்டின் அடி, இந்த மூன்று இடத்தையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் புண் ஆரம்பம், டாக்டருக்குச் சொல்லுங்கள். விழுந்த கையைத் தொங்க விடாமல் தலையணை மேல் வையுங்கள்.

படி 3: எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பது

இதில்தான் நாங்கள் நன்றாகச் சறுக்கினோம். பார்க்க வந்த மாமா பாசமாக, "எந்திரிங்க மச்சான்" என்று விழுந்த கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பக்கத் தசைகளுக்குப் பலம் இல்லாததால் தோள்மூட்டு இறங்கிவிட்டது. அடுத்த ஒன்றரை மாதம் அப்பாவுக்குக் காலை விடத் தோள்வலிதான் பெரிய தொந்தரவு. விழுந்த கையைப் பிடித்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்கவே கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரியான முறை இது. நல்ல பக்கத்தில் நாற்காலியைப் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டாயிற்றா என்று பாருங்கள். எழுந்ததும் தலைசுற்றலாம் என்பதால், கட்டில் ஓரத்தில் இரண்டு மூன்று நிமிஷம் உட்கார வையுங்கள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். விழுந்த கால் மடங்கிவிடாமல் உங்கள் முழங்காலால் அவர் முழங்காலுக்கு அண்டை கொடுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வருகிற அளவுக்கு அவர் முன்னால் குனியட்டும். பிறகு "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி, அவரே நல்ல காலை ஊன்றி எழ வேண்டும். நீங்கள் துணைதான், கிரேன் இல்லை.

படி 4: சாப்பாடு

ஆஸ்பத்திரியில் விழுங்கும் திறனைப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். அதற்கு முன் வாயில் தண்ணீர்கூட விடாதீர்கள். நமக்குச் சுலபமாக இறங்கும் தண்ணீர்தான் இவர்களுக்கு ஆபத்து. சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அம்மா முதலில் கொடுத்தது ரசம் சாதம், "லேசா இருக்குமே" என்று. ஒரே வாயில் நீரும் பருக்கையும் தனித்தனியாக ஓடுகிற ரசம் சாதம் விழுங்கக் கஷ்டமானது. கெட்டித் தயிர் விட்டு நன்றாக மசித்த சாதம் அதைவிடத் தேவலை.

நிமிர்ந்து உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில், வாயின் நல்ல பக்கத்தில் கொடுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. இருமினாலோ, குரல் களகளவென்று ஈரமாக மாறினாலோ நிறுத்துங்கள். முடிந்ததும் விழுந்த பக்கக் கன்னத்தில் சோறு அடைந்திருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு இனி வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு உப்பு ஆகாது.

படி 5: உடை

போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். பனியனை விட முன்பக்கம் திறக்கும் சட்டை சுலபம். நடை பழகுகிற நேரத்தில் வேட்டி காலைத் தடுக்கும், அரை டிராயர் போதும். பொத்தானை நீங்கள் போட்டால் பத்து விநாடி, அவர் போட்டால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் பயிற்சிதான், டீ ஆறட்டும்.

படி 6: பேச்சு

அவருக்குக் காது கேட்கும், கத்த வேண்டாம். "என்ன வேணும்?" என்பதை விட "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். "ஆமா"வும் "இல்லை"யும் மாறி வரலாம்; தலையசைப்பையும் பாருங்கள். "தண்ணி" சொல்ல வராத எங்கள் அப்பா, ஒன்று இரண்டு எண்ணச் சொன்னால் பத்து வரை எண்ணினார், மனப்பாடமான பக்திப் பாட்டைக் கூடவே பாடினார். பழகிய சொற்கள் இப்படி வழுக்கிக்கொண்டு வருவது உண்டு. காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும்கூட மூளைப் பாதிப்பால் வரலாம், பயப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 7: பயிற்சி

முதல் மூன்று மாதம்தான் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். அதற்குப் பிறகும் மெல்ல நடக்கும், விட்டுவிடாதீர்கள். தினமும் பிசியோதெரபிஸ்டை வைத்துக்கொள்ள வசதியில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். புறா ரத்தம் தடவச் சொல்லி யாராவது வருவார்கள். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 8: சுவரில் ஒரு தாள்

பிரஷர் நார்மல் ஆகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபடி தாக்க வாய்ப்பு உண்டு. வாய் கோணுதல், கை தொங்குதல், பேச்சு குழறல், மூன்றில் ஒன்று புதிதாக வந்தாலும் உடனே 108. மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக, பாதிப்பு தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மாத்திரைப் பட்டியலை எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். தினமும் படுக்கப் போகும்போது அப்பா எப்படி இருந்தார் என்று மணியோடு அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள். எமர்ஜென்சியில் முதலில் கேட்பது "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" என்பதைத்தான். அன்று விடிகாலை எங்களிடம் கேட்டபோது, ராத்திரி பத்து மணிக்குச் சொம்பில் தண்ணீர் கேட்டார் என்பது மட்டும்தான் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது.