பழைய கிராமத் தேவாலயத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் எந்தத் திசையில் போனாலும் ஒரு பழைய தேவாலயம் கண்ணில் பட்டுவிடும். பல இடங்களில் பகலில் கதவு பூட்டியிருக்காது. உள்ளே நுழைந்ததும் மேசையில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடக்கும். முதல் வரியே "12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம்" என்று சொல்லும். அதை அப்படியே நம்பிக்கொண்டு சுற்றிப் பார்ப்பதுதான் முதல் தவறு.

ஒரு கிராமத் தேவாலயத்துக்கு ஒரே வயது இருப்பது அபூர்வம். மக்கள் நிற்கும் நடுக்கூடம் 12ஆம் நூற்றாண்டு, பலிபீடம் இருக்கும் பீடப்பகுதியை நீட்டியது 13, பக்கக்கூடம் 14, மணிக்கோபுரமும் பெரிய ஜன்னல்களும் 15, கூரையும் தரையும் 19 என்று கலந்திருப்பதே வழக்கம். ஜன்னலைப் பார்த்துச் சுவருக்கு வயது சொல்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பழைய சுவரை இடித்து ஓட்டை போட்டுப் புது ஜன்னல் வைப்பது அன்றைக்கும் சுலபமான வேலைதான். எனவே முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோட்டு இணைப்பு தெரிகிறதா, கல்லின் நிறமோ அளவோ எங்காவது சட்டென்று மாறுகிறதா, கோபுரத்தின் கிழக்கு முகத்தில் பழைய கூரை உட்கார்ந்திருந்த சரிவுத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிரசுரத்தைவிட இந்த இணைப்புகள் நம்பகமானவை.

நார்மன், ஆரம்ப ஆங்கில, அலங்கார, செங்குத்து என்ற பாணிப் பெயர்கள் தாமஸ் ரிக்மன் 1817இல் வெளியிட்ட புத்தகத்தால் நிலைத்தவை. பயனுள்ளவைதான். ஆனால் பாணி என்பது தேதி அல்ல. பேராலயங்களில் வழக்கொழிந்த பாணியில் உள்ளூர்க் கொத்தனார் இன்னும் ஒரு தலைமுறை கட்டியிருக்கலாம். அரைவட்ட வளைவு என்றாலே நார்மன் என்பதும் சரியில்லை. டர்ஹம் பகுதியில் எஸ்கம் தேவாலயத்தின் ஒடுங்கி உயர்ந்த வளைவும் அரைவட்டம்தான். அந்தத் தேவாலயம் நார்மன்கள் 1066இல் பிரான்சிலிருந்து படையெடுத்து வருவதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் முந்தையது. பக்கத்திலிருந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையின் கற்களைக் கொண்டு கட்டியதால், ரோமானியப் படைப்பிரிவின் பெயர் பொறித்த ஒரு கல்லும் சுவரில் இருக்கிறது. கல் ரோமானியம், சுவர் சாக்சன், அதாவது நார்மன்களுக்கு முந்தைய ஆங்கிலேயர் கட்டியது.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எசெக்ஸில் உள்ள கிரீன்ஸ்டெட் தேவாலயம் நல்ல உதாரணம். அதன் நடுக்கூடத்துச் சுவர்கள், ஓக் மரங்களை இரண்டாகப் பிளந்து நெட்டுக்குத்தாக நிறுத்தியவை.  1960இல் மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் அவை கி.பி. 845ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்றார்கள். 1990களில் மறுபடி ஆராய்ந்தபோது, மரங்கள் வெட்டப்பட்டது 1063க்கும் 1108க்கும் இடையில் என்று தெரிந்தது. மிஞ்சியிருந்த கடைசி வளையம் 1053ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு வெளியே இருந்து செதுக்கப்பட்டுப் போன வளையங்களுக்காகச் சில பத்தாண்டுகள் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சரி, அப்படியென்றால் 1013இல் புனித எட்மண்டின் உடலைச் சுமந்து சென்றவர்கள் கிரீன்ஸ்டெட்டுக்குப் பக்கத்து ஊரான ஓங்கர் அருகே ஒரு மரக்கோயிலில் தங்கினார்கள் என்ற பழைய பதிவு பொய்யா? அப்படியும் முடிவு கட்ட முடியாது. பீடப்பகுதியின் தரைக்குக் கீழே தோண்டியபோது, அதற்கும் முந்தைய மரக்கட்டிடங்கள் இரண்டின் தடயங்கள் கிடைத்தன. இடத்தின் வயது வேறு, நிற்கிற கட்டிடத்தின் வயது வேறு. பீடப்பகுதியோ 1500ஐ ஒட்டிய செங்கல் வேலை. மரங்களின் உளுத்த அடிப்பகுதியை வெட்டிவிட்டுச் செங்கல் மேடை மேல் ஏற்றி வைத்தது 1848இல். இத்தனையையும் ஒரே ஆண்டுக்குள் அடக்கிச் சொன்னால் அது வரலாறு ஆகாது.

கிரீன்ஸ்டெட்டின் மரச்சுவரில் ஒரு சின்னத் துளையும் உண்டு. தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை பார்ப்பதற்கான துளை என்று அதைச் சொல்லி வந்தார்கள். தீர்த்தத் தொட்டி இருந்த இடமாக இருக்கலாம் என்பதே இப்போதைய கருத்து. வேறு ஊர்களிலும் தாழ்வான ஜன்னல் எதைக் கண்டாலும் இதே கதை கட்டப்படுகிறது. தொழுநோயாளிகளுக்கென்று மருத்துவ இல்லங்களும், அவற்றுக்குள்ளேயே தேவாலயங்களும் இருந்தன. கேன்டர்பரிக்குப் பக்கத்தில் ஹார்பிள்டவுனில் பேராயர் லான்ஃபிராங்க் 1080களில் நிறுவியது அப்படிப்பட்டது. உள்ளே, தூணுக்குப் பின்னாலிருந்து பலிபீடத்தை நோக்கிச் சாய்வாக வெட்டியிருக்கும் துளைகள் பெரும்பாலும் பக்கபீடத்துக் குருவுக்காகவோ பக்கக்கூடத்தில் நின்றவர்களுக்காகவோ போட்டவை.

இன்னும் சில கதைகளை வேகமாகத் தள்ளிவிடலாம். கல்லறைச் சிற்பத்தில் வீரனின் கால்கள் குறுக்காக இருந்தால் சிலுவைப்போருக்குப் போனவன் என்பார்கள். அது அந்தக் காலத்துச் சிற்பிகளின் வழக்கம், அவ்வளவே. பீடப்பகுதி லேசாகக் கோணியிருந்தால் சிலுவையில் இயேசுவின் தலை சாய்ந்ததைக் குறிக்கிறது என்பார்கள். வெவ்வேறு காலத்தில் கட்டும்போது கோடு பிசகியது என்பதே போதுமான விளக்கம். கூரை உத்தரத்தில் பழைய துளைகள் இருந்தால் உடனே உடைந்த கப்பலின் மரம் என்ற கதை வரும். கடலிலிருந்து நெடுந்தூரத்தில் இருக்கும் ஊர்களிலும் இதைச் சொல்கிறார்கள்! இடித்த வீட்டு மரத்தை மறுபடி பயன்படுத்தியிருப்பார்கள் என்று ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை.

விசித்திரமான சிற்பத்தைக் கண்டதும் "கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வம்" என்று சொல்லிவிடுவது வேறு வகைத் தவறு. வேல்ஸ் எல்லைக்கு அருகே ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள கில்பெக் தேவாலயம் 1140ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. நடுக்கூடம், பீடப்பகுதி, அரைவட்டப் பின்பகுதி என்று மூன்றே பாகங்கள். ஆனால் கூரையின் அடியில் 80க்கும் மேற்பட்ட சிற்பத் தாங்கிகள் வரிசை கட்டி நிற்கின்றன: நாயும் முயலும் தோளோடு தோள் சேர்ந்து எட்டிப் பார்க்கும், பூதமுகங்கள் முறைக்கும், நடுவே ஒருத்தி தன் பெண்குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டுகிறாள். ஷீலா-நா-கிக் எனப்படும் இந்த உருவத்தைப் பழைய தாய்த்தெய்வம் என்று எழுதுகிறவர்கள் நிறைய. ஆனால் இதைச் செதுக்கிய பட்டறையே தெற்கு வாசலில் தழைத்த கொடியையும், உள்ளே வளைவின் தூண்களில் அப்போஸ்தலர்களையும் செதுக்கியது. கட்டியவன் நார்மன் பிரபு. தேவாலயம் குளோஸ்டர் மடத்தின் உடைமை. இதே காலத்தில் பிரான்சிலும் வட ஸ்பெயினிலும் தேவாலயங்களின் தாங்கிகளில் இத்தகைய உருவங்கள் வந்தன. காமத்தைக் கண்டிக்க வைத்ததா, கண்ணேறு கழிக்க வைத்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் 12ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ உலகத்துக்குள் நடக்க வேண்டியது என்பதே என் எண்ணம்.

வெறும் கல்சுவரைப் பார்த்து "என்ன ஒரு எளிமை" என்று வியப்பதும் ஏமாறுவதுதான். அன்றைக்குச் சுவர்களில் பூச்சு இருந்தது, பூச்சின் மேல் ஓவியம் இருந்தது. சர்ரேயின் சால்டன் தேவாலயத்தில் 1200ஐ ஒட்டிய ஓவியம் ஒன்று மேற்குச் சுவரை அடைத்து நிற்கிறது. நடுவே ஏணி, ஏறும் ஆன்மாக்கள், விழும் ஆன்மாக்கள், கீழே பேய்கள். 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்த காலத்தில் இங்கிலாந்து முழுவதும் இப்படிப்பட்டவற்றின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். சால்டன் ஓவியம் 19ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி வெளிப்பட்டது. அதே நூற்றாண்டில் "புதுப்பிக்கிறோம்" என்று பல இடங்களில் பூச்சையே சுரண்டி எடுத்தார்கள். இந்தச் சுரண்டலை எதிர்த்துத்தான் வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டிடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். வரிசை வரிசையான மர இருக்கைகளையும் 12ஆம் நூற்றாண்டில் வைத்துக் கற்பனை செய்யாதீர்கள். அப்போது மக்கள் பெரும்பாலும் நின்றார்கள், மண்டியிட்டார்கள்.

அடுத்தது, வயல் நடுவே தனியாக நிற்கும் தேவாலயம். "பெருங்கொள்ளைநோயில் ஊரே செத்துப்போயிற்று" என்று உடனே சொல்வார்கள். யார்க்ஷயரின் வாரம் பெர்சி இந்தக் கதையை உடைத்த ஊர். மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950களிலிருந்து நாற்பது ஆண்டுகள் ஒவ்வொரு கோடையிலும் அங்கே அகழாய்வு நடத்தினார்கள். 1348-49 நோய் அந்த ஊரைப் பலவீனப்படுத்தியது உண்மை, ஆனால் ஊர் அதற்குப் பிறகும் 150 ஆண்டுகள் இருந்தது. கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 1500ஐ ஒட்டி; கம்பளிக்கு விலை இருந்ததால் உழவு நிலத்தை நிலப்பிரபு ஆட்டுக் கிடையாக்கிவிட்டார். ஊர் போனபிறகும் புனித மார்ட்டின் தேவாலயம் சாகவில்லை. அதே தேவாலயப் பங்கைச் சேர்ந்த மற்ற ஊர்க்காரர்கள் நடந்து வந்து கும்பிட்டார்கள். 1949 வரை வழிபாடு நடந்தது. கோபுரத்தில் பாதி 1959இல் சரிந்தது.

அந்தச் சுவரைப் படிப்பது ஓர் இன்பம். மரத்தாலான சின்னக் கட்டிடமாகத் தொடங்கி, கல்லாகி, ஊர் பெருத்தபோது இரு பக்கமும் கூடங்கள் சேர்த்தார்கள். ஊர் மெலிந்தபோது அந்தக் கூடங்களை இடித்துவிட்டு, நடுவிலிருந்த வளைவுகளைக் கல்லால் அடைத்தார்கள். இன்றும் வெளிச்சுவரில் தூணும் வளைவுமாக அது தெரிகிறது. வெளிச்சுவரில் அடைபட்ட வளைவைக் கண்டால் "பழைய வாசல்" என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு அப்பால் ஒரு கூடம் இருந்திருக்கலாம், புல்லுக்கடியில் அதன் அஸ்திவாரமும் இருக்கலாம்.

ஏட்டுச் சான்றிலும் சறுக்கல்கள் உண்டு. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவில் தேவாலயம் குறிப்பிடப்படவில்லை என்பதால் அப்போது அங்கே தேவாலயமே இல்லை என்று எழுதக் கூடாது. அது வரிக்கும் நிலவுரிமைக்குமான பதிவு; தேவாலயங்களைக் குறித்த விதம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். சில இடங்களில் ஒரு குரு இருந்தார் என்று மட்டும் எழுதியிருப்பார்கள்.

அப்புறம் ஆண்டுக் கணக்கு. இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1751 வரை புத்தாண்டு மார்ச் 25. எனவே ஜனவரியிலிருந்து மார்ச் 24 வரையிலான பழைய தேதிகளில் ஓராண்டு கூட்டிப் படிக்க வேண்டும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்வெல் தேவாலயக் கோபுரத்தின் உட்சுவரில், கொள்ளைநோயைப் பற்றி யாரோ லத்தீனில் கீறிவைத்த வரிகள் இருக்கின்றன; அவற்றில் புனித மாரஸ் நாளில் வீசிய பெரும்புயலுக்கு 1361 என்று ஆண்டு கொடுத்திருக்கிறது. மாரஸ் நாள் ஜனவரி 15. நம் கணக்கில் அது 1362. இதைக் கவனிக்காமல் இரண்டு புயல்களை உண்டாக்கிவிடாதீர்கள். அந்தக் கீறல்களை நேர் வெளிச்சத்தில் தேடினாலும் கிடைக்காது. கைபேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்கவோ, எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் பூசவோ வேண்டாம். மென்மையான சுண்ணாம்புக் கல், சீக்கிரம் தேய்ந்துவிடும்.