டிஸ்க் கோல்ஃப் பழக ஒரே ஒரு புட்டர் போதும்

ஃபிரிஸ்பீ மாதிரி ஒரு தட்டை (அதுதான் டிஸ்க்) வீசி வீசி, குறைந்த வீச்சில் இலக்கில் சேர்க்கிற ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அதைப் பழகணும் என்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் போகும்?" என்றுதான். கொஞ்ச காலம் தூரத்தை மறந்துவிடுங்கள் என்பேன். இந்த ஆட்டம் ஆளைப் பிடித்துக்கொள்வது தூரத்தால் இல்லை. மனசில் போட்ட கோட்டிலேயே டிஸ்க் வளைந்து போய் இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், வெயில் ஏறினாலும் வீட்டுக்குக் கிளம்ப மனசு வராது. மெதுவாக வீசினால் அது சீக்கிரமே கைக்கு வரும்.

நான் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். கடை திறக்கும் முன் பள்ளி மைதானத்தில் வீசுவேன். ஞாயிறானால் ஏற்காட்டில் தெரிந்தவர் எஸ்டேட்டின் புல்தரை. கூடை நட்ட மைதானம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் அமைந்தபோது இலக்கு வெறும் கம்பங்கள்தான். அதை அமைத்த எட் ஹெட்ரிக், சங்கிலி தொங்கும் கூடையை அப்புறம்தான் கொண்டுவந்தார். நமக்கு ஒரு சில்வர் ஓக் மரம் போதும். மிளகுக் கொடி படராத மரமாகப் பாருங்கள். டிஸ்க் பட்டால் கொடி கிழியும்.

டிஸ்க் வாங்கும்போது மேலே அச்சடித்திருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள். வேகம், மிதப்பு, வேகமாகப் போகையில் சாயும் அளவு, வேகம் தணிந்ததும் எதிர்ப்பக்கம் இழுக்கும் அளவு என்று வரிசை. புட்டர் என்பது கிட்டத்து இலக்குக்கு மெதுவாக வீசும் டிஸ்க், டிரைவர் என்பது தூரத்துக்கு வேகமாக வீசும் டிஸ்க். இன்னோவா கம்பெனியின் ஏவியர் என்ற புட்டர் 2, 3, 0, 1. அதே கம்பெனியின் டெஸ்ட்ராயர் என்ற டிரைவர் 12, 5, -1, 3. வேக எண் 12 என்றால் அந்த டிஸ்க் ஒழுங்காகப் பறக்க அத்தனை வேகம் கையிலிருந்து வரவேண்டும் என்று அர்த்தம். புதியவர் வீசினால் கொஞ்ச தூரத்திலேயே இடப்பக்கம் சரிந்து விழும். புட்டர் நாம் கொடுக்கிற குறைந்த வேகத்திலும் நேராகப் போகும். கையில் இருக்கிற தப்பையும் மறைக்காமல் காட்டும். அதனால் முதலில் ஒரு புட்டர். அது பழகியபின் டிஸ்கிராஃப்ட் கம்பெனியின் பஸ் (Buzzz) மாதிரி ஒரு மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தர தூரத்துக்கான டிஸ்க். டிரைவர் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

இனி வீச்சு. வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசுவதை வைத்துச் சொல்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் டிஸ்க்கின் மேலே, மற்ற நான்கு விரலும் அடியில் விளிம்போடு ஒட்டி. வலது தோள் இலக்கைப் பார்க்க நில்லுங்கள். டிஸ்க்கைப் பின்னால் கொண்டுபோய், நெஞ்சை ஒட்டி ஒரே நேர்கோட்டில் இழுங்கள். எஸ்டேட்டில் புல் வெட்டும் மெஷினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வார்களே, அதே இழுப்பு: முழங்கை முன்னே போகும், மணிக்கட்டு கடைசியில் சொடுக்கும். டிஸ்க் உடம்பைச் சுற்றி வட்டமடித்து வந்தால் எங்கே விடுபடும் என்று உங்களுக்கே தெரியாது. ஆடிக்கொண்டே பறந்தால் பிடி தளர்வு என்று பாருங்கள். முன்விளிம்பு தூக்கினால் மேலே ஏறி, நின்று, பொத்தென்று இறங்கும். அப்போது மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பிடியுங்கள்.

என் அக்கா மகனுக்கு வந்த சந்தேகம் எல்லாருக்கும் வரும்.

"சித்தி, நேராத்தானே வீசுறேன். கடைசில ஏன் இடப்பக்கமே ஓடுது?"

"அது அதோட குணம்டா. வேகம் குறைஞ்சா இடப்பக்கம் சாயத்தான் செய்யும். மரத்துக்கு வலப்பக்கமா குறி வை, அதுவே திரும்பி வரும்."

அடுத்த வீச்சில் அவன் டிஸ்க்கின் வெளி விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி விட்டான். இதற்கு ஹைசர் என்று பெயர். டிஸ்க் வலப்பக்கம் கிளம்பி, முன்னால் நின்ற மரத்தைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, பின்னால் இருந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அவனைப் பஸ் ஏற்றவே முடியவில்லை. நீங்களும் முதல் வாரத்திலேயே ஒரு மரத்தைச் சுற்ற வைத்துப் பாருங்கள்.

ஆட்டக் கணக்கு சுலபம். டிஸ்க் விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு. இலக்குக்குத் தூரத்தில் இருப்பவர் முதலில் வீசுவார். குறைந்த வீச்சில் முடிப்பவர் வெற்றி. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வீசினால் அது புட். கை விட்டபின் நிலை தடுமாறி முன்னால் கால் வைக்கக்கூடாது. நிறைய வீச்சு இந்த 10 மீட்டருக்குள்தான் போகும் என்பதால் வீட்டிலும் பழகுங்கள். மொட்டை மாடியில் ஸ்டூல் மேல் ஒரு மூங்கில் கூடை, 3 மீட்டர் தள்ளி நீங்கள். தொடர்ந்து விழ ஆரம்பித்ததும் ஒரு எட்டு பின்னால் போங்கள்.

ஆடிக் காற்றில் சேலம் மைதானம் நல்ல வாத்தியார். எதிர்காற்றில் டிஸ்க் வலப்பக்கம் புரளப் பார்க்கும். தாழ்வாக, ஹைசர் சாய்வில் விடுங்கள். பின்காற்றில் மிதப்பு குறைந்து சீக்கிரம் இறங்கும். ஏற்காடு ஏறினால் கதை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று லேசு. கீழே நேராகப் போன அதே புட்டர் மேலே மிதப்பு குறைந்து, இடப்பக்கம் முன்னதாகவே இழுக்கும். கையில் கோளாறு என்று வீச்சை மாற்றிவிடாதீர்கள். குறியை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினால் போதும்.

எஸ்டேட்டில் அனுமதி கேட்டுத்தான் வீச வேண்டும், காபி பூத்திருக்கும்போதும் பழம் பறிக்கும்போதும் செடிப் பக்கமே வீசக்கூடாது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் ஏரிப் பக்கம் டிஸ்க்கை வெளியே எடுக்காதீர்கள். விளிம்பு பட்டால் நெற்றி பிளக்கும். பனிமூட்டத்திலும் காபிச் செடிக்குள்ளும் பச்சை டிஸ்க் கண்ணுக்கே அகப்படாது, ஆரஞ்சோ ரோஸோ வாங்குங்கள். அடிப்பக்கம் அழியாத மார்க்கரால் பேரும் போன் நம்பரும் எழுதிவையுங்கள். களை எடுக்கிற அக்காக்கள் கண்டெடுத்தால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.